விலை ஏறியதால்தான் ஸ்போர்ட்ஸ் கார் விற்கவில்லையா?

கேள்வி: ஐயா, நான் கோயம்புத்தூர்க்காரன். ஏழு வருஷமாக ஜெர்மனியில், ஸ்டட்கார்ட் பக்கத்தில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் டிசைன் இன்ஜினியராக இருக்கிறேன். வயது 34. வேலைக்குப் போகும் ரயில் தினமும் சுஃபன்ஹவுசனில் போர்ஷே ஆலையை உரசிக்கொண்டுதான் போகிறது. பள்ளி நாட்களில் அப்பாவோடு கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ரேஸ் பார்த்து வளர்ந்தவன் என்பதால், இங்கே வந்ததும் போர்ஷேயின் இருவர் உட்காரும் ஸ்போர்ட்ஸ் காரான கேமன் ஒன்றை வாங்கிவிட வேண்டும் என்று ஆசை வைத்தேன். அப்போது அதன் அடிப்படை விலை 55 ஆயிரம் யூரோ அளவில் இருந்தது. வீட்டுக்கு அனுப்பியது போக நான் சேர்ப்பதற்குள் விலை எனக்கு முன்னால் ஓடியது. இப்போது அந்த வண்டியைச் செய்வதையே நிறுத்திவிட்டார்கள். எங்கள் கம்பெனியிலும் ஆர்டர் குறைந்து, ஆட்குறைப்பு பற்றிப் பேச்சு. கேன்டீனில் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "ஒரு காருக்கு இவ்வளவு லாபம் வைத்தால் யார் வாங்குவான்? பேராசைதான் விற்பனையைக் கெடுத்தது." இது உண்மையா? கையில் 42 ஆயிரம் யூரோ இருக்கிறது. இப்போதே பழைய வண்டி ஒன்று வாங்கலாமா, விலை இறங்கட்டும் என்று பொறுத்திருக்கலாமா? என் மனைவி இந்த முடிவை உங்களிடம் விட்டுவிடச் சொல்லிவிட்டாள்.

பதில்:

தம்பி, முதலில் உங்கள் கேன்டீன்காரர்களுக்கு ஒரு கணக்கு. போர்ஷேயின் பேர்போன ஸ்போர்ட்ஸ் காரான 911ல் அடிப்படை ரகம் கரேரா. அதன் ஜெர்மன் விலை 2011ல் 88,037 யூரோ. 2019ல் புதுத் தலைமுறை வந்தபோது 1,04,655. 2024ல் அதைப் புதுப்பித்தபோது 1,28,700. பதின்மூன்று வருஷத்தில் 46 சதவீதம். கேட்டால் திக்கென்றுதான் இருக்கிறது. ஆனால் அதே காலத்தில் ஜெர்மனியின் பொது விலைவாசியே 30 சதவீதத்துக்கு மேல் ஏறியிருக்கிறது. நீங்கள் குடியிருக்கும் வீட்டின் வாடகையை யோசித்துப் பாருங்கள். ஆக, சுத்தமான விலையேற்றம் என்று பார்த்தால் கேன்டீனில் பேசுமளவு இல்லை. 911லேயே பந்தயப் பிரியர்கள் துரத்தும் ஜிடி3 ரகம் மட்டும் 2013ல் 1,37,303 யூரோவிலிருந்து 2,09,000க்குத் தாவியது. அது வேறு ரகம், அதை வாங்குபவர்களும் வேறு ரகம்.

விற்பனை என்ன ஆனது? 2013ல் உலகம் முழுக்க 30 ஆயிரம் அளவில் விற்ற 911, 2024ல் 50,941 விற்றது. முந்தின வருஷத்தைவிட 2 சதவீதம் அதிகம். விலையும் ஏறி, எண்ணிக்கையும் ஏறியிருக்கிறது. "விலை ஏறினால் விற்பனை குறையும்" என்று பள்ளிக்கூடத்தில் வரைந்த கோடு இந்த ஒரு வண்டியிடம் எடுபடவில்லை.

நீங்கள் ஆசைப்பட்ட கேமனும் விலையால் சாகவில்லை. 718 என்ற வரிசையில் கேமனும், கூரை திறக்கும் அதன் ஜோடியான பாக்ஸ்டரும் சேர்ந்து 2024ல் 23,670 விற்றன. அதற்கு முந்தின வருஷத்தைவிட 15 சதவீதம் கூடுதல். அதைச் சாய்த்தது ஒரு சட்டமும் ஒரு கணிப்பும். 2024 ஜூலையிலிருந்து ஐரோப்பிய யூனியனில் விற்கும் புது வண்டிகளுக்கு சைபர் பாதுகாப்பு விதி கட்டாயமானது. பழைய மின்னணு அமைப்போடு ஓடிய 718ஐ அந்த விதிக்கு ஏற்ப மாற்றப் பெருஞ்செலவாகும். அடுத்து வரப்போவது மின்சார 718தானே, பழசில் எதற்குப் பணம் போடுவது என்று விட்டுவிட்டார்கள். முதலில் ஐரோப்பாவில் விற்பனை நின்றது. 2025 அக்டோபரில் தயாரிப்பே நின்றது. மின்சார வாரிசோ இன்னும் வந்து சேரவில்லை. மருமகள் வருவதற்கு முன்பே மாமியார் சமையலறையைப் பூட்டிவிட்டுப் போன கதை.

அப்படியானால் உங்கள் ஊர் ஆலையில் ஏன் இத்தனை கலக்கம்? 2024ல் போர்ஷே மொத்தம் 3,10,718 வண்டிகள் விற்றது. அதில் மின்சார டைகான் மட்டும் பாதிக்குப் பாதி சரிந்து 20,836 ஆனது. ஊர்வாரியாகப் பார்த்தால் பள்ளம் சீனாவில்தான். 2021ல் அங்கே 95,671 வண்டிகள் விற்றவர்கள், 2024ல் 56,887, மறுவருஷம் 42 ஆயிரத்துக்கும் கீழே.

உங்கள் கேன்டீன் பேச்சு பொருந்துகிற இடம் இந்தச் சீனாதான். டைகானின் சீன விலை 9,18,000 யுவானில் தொடங்கியது. 2024 மார்ச்சில், அதுவரை போன் விற்றுக்கொண்டிருந்த ஷாவ்மி, எஸ்யு7 என்று ஒரு மின்சாரக் காரை 2,15,900 யுவானுக்கு இறக்கியது. தோற்றத்திலேயே டைகானின் சாயல். அந்த வருஷத்துக்குள் 1.35 லட்சத்துக்கு மேல் விற்றுவிட்டது. மறுவருஷம் 1,548 குதிரைத்திறன் கொண்ட அல்ட்ரா என்ற வண்டியை 5,29,900 யுவானுக்குக் கொடுத்தது. சிக்னலில் பச்சை விழுந்ததும் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்ளும் அந்தச் சுகத்துக்குத்தானே இத்தனை நாளாக ஸ்போர்ட்ஸ் கார்க்காரர்கள் காசு வாங்கினார்கள்? பேட்டரியும் மோட்டாரும் அந்தச் சுகத்தை மலிவாக்கிவிட்டன. நாலு மடங்கு கொடுத்தால் நாலு மடங்கு என்ன கிடைக்கும் என்று சீன வாடிக்கையாளர் கேட்டார். சரியான பதில் இல்லை. 911க்கு அந்தக் கேள்வி எழவில்லை, காரணம் அதற்கு நேர் மாற்று கிடையாது. லாபம் விற்பனையைக் கெடுப்பது, அதே சரக்கைப் பக்கத்துக் கடையில் பாதி விலைக்குக் கொடுக்கும்போதுதான். மளிகைக் கடைக்கும் அதேதான், கார் கடைக்கும் அதேதான்.

நான் காஸ்ட் அக்கவுண்டன்ட். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கார்க் கம்பெனிகளிலும் உதிரிபாகக் கம்பெனிகளிலும் விலை போடும் பிரிவில் இருபத்தேழு வருஷம் உட்கார்ந்தவன். எங்கள் தொழிலில் விலை போட இரண்டு வழி உண்டு. அடக்கவிலையைப் போட்டு, அதன் மேல் லாபம் வைப்பது ஒன்று. சந்தையில் எந்த விலைக்குப் போகும் என்று முதலில் பார்த்து, அதில் லாபத்தைக் கழித்து, மிச்சத்துக்குள் வண்டியைச் செய்து முடி என்று இன்ஜினியர்களை நெருக்குவது இன்னொன்று. மூன்றாவதாக ஒன்றும் பார்த்திருக்கிறேன், அது எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. நான் வேலை பார்த்த ஒரு கம்பெனியில் மேலிடம் லாபச் சதவீதத்தை முதலில் அறிவித்துவிட்டது. முதலீட்டாளர்களிடம் வாக்குக் கொடுத்தாகிவிட்டதாம். அடக்கவிலை ஏறினாலும் சதவீதம் குறையக்கூடாது. ஆகவே விலை ஏறியது. விலை ஏறியதால் எண்ணிக்கை குறைந்தது, எண்ணிக்கை குறைந்ததால் ஒரு வண்டியின் அடக்கவிலை மறுபடி ஏறியது. மூன்று வருஷம் இந்த ராட்டினத்தில் சுற்றினோம். ஒவ்வொரு காலாண்டுக் கூட்டத்திலும் போண்டா மட்டும் சூடாக இருக்கும்.

2022 செப்டம்பரில் போர்ஷே பங்குச் சந்தைக்கு வந்தபோது, ஒரு பங்கு 82.50 யூரோ, கூடவே நாளாவட்டத்தில் விற்பனை வருமானத்தில் 20 சதவீதத்துக்கு மேல் லாபம் என்ற இலக்கையும் வைத்தார்கள். அதைப் படித்தபோது எனக்கு அந்தப் போண்டா ஞாபகம் வந்தது. 2023ல் லாபம் 18 சதவீதம். மொத்த லாபத்தை வண்டி எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு வண்டிக்கு 22 ஆயிரம் யூரோவுக்கு மேல் வரும். 2024ல் 14.1 சதவீதம். 2025ன் முதல் ஒன்பது மாதத்தில், முந்தின வருஷம் அதே காலத்தில் 400 கோடி யூரோவுக்கு மேல் இருந்த இயக்க லாபம் 4 கோடிக்குச் சுருங்கியது. சீனா ஒரு காரணம், அமெரிக்கா போட்ட இறக்குமதி வரி இன்னொன்று. எல்லாவற்றையும்விடப் பெரியது, மின்சாரத்துக்கு முழுதாகத் திரும்புவதாகப் போட்ட திட்டங்களைப் பாதியில் மாற்றிக்கொண்ட செலவு. உங்கள் கம்பெனிக்கு ஆர்டர் குறைந்தது இதனால்தான். லாபம் அதிகமாக வைத்ததால் வந்த வினை என்பதைவிட, லாபம் குறையவே குறையாது என்று நம்பித் திட்டம் போட்டதால் வந்த வினை என்பேன்.

ஃபெராரி மட்டும் எப்படி என்று கேட்பீர்கள். அங்கே விற்பனை குறைவாக இருப்பது நோய் இல்லை, வைத்தியம். சந்தை கேட்பதைவிட ஒரு கார் குறைவாகவே கொடு என்பது என்ஸோ ஃபெராரி காலத்திலிருந்து சொல்லப்படும் கொள்கை. 2013ல் தலைவராக இருந்த மான்டெஸெமோலோ, வருஷத்துக்கு ஏழாயிரத்துக்கு மேல் செய்யமாட்டோம் என்று பகிரங்கமாகவே அறிவித்தார். முந்தின வருஷம் 7,318 கொடுத்தவர்கள் அந்த வருஷம் 6,922 மட்டும் கொடுத்தார்கள். வருமானமும் லாபமும் ஏறின. அவர் போன பிறகு கொள்கையைத் தளர்த்தி, பங்குச் சந்தைக்கும் வந்து, 2024ல் 13,752 வண்டிகள் கொடுத்தார்கள். இயக்க லாபம் 28.3 சதவீதம். கார் ஒன்றுக்கு வகுத்தால் 1,37,000 யூரோ. பந்தய விளம்பரம், தொப்பி, சட்டை எல்லாம் அதில் சேரும் என்றாலும் மலைக்கத்தான் வைக்கிறது. காரும் உதிரிபாகமும் விற்று வருவதில் ஐந்தில் ஒரு பங்கு, வாடிக்கையாளர் தனக்கென்று கேட்கும் நிறம், தையல், கார்பன் ஃபைபர் வேலைப்பாடுகளிலிருந்து வருகிறது. வண்டிக் கடைக்குள்ளேயே ஜாக்கெட் துணி தேர்ந்தெடுக்கும் ஒரு தையல்கடை.

நம் ஊர்ப் பெரியவர்களுக்கு இது புதிதில்லை. பஜாஜ் சேடக்குக்குப் பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்த காலம் உண்டு. வண்டி கையில் வந்த அன்றே ஆயிரக்கணக்கில் கூடுதல் கொடுத்து வாங்கிக்கொள்ள ஆள் வாசலில் நிற்பான். பற்றாக்குறையே அந்த ஸ்கூட்டருக்கு ஒரு மதிப்பைக் கொடுத்தது. வித்தியாசம் என்னவென்றால், அங்கே பற்றாக்குறையை உண்டாக்கியது, இத்தனைதான் செய்யலாம் என்று அரசு கட்டிப்போட்ட லைசென்ஸ் ராஜ்ஜியம். ஃபெராரியின் ஊரான மாரனெல்லோவில் அதைக் கம்பெனியே திட்டமிட்டு வளர்க்கிறது. லைசென்ஸ் தளர்ந்து ஹோண்டாக்களும் யமஹாக்களும் வந்ததும் சேடக் வரிசை கலைந்தது. ஃபெராரி வரிசை கலையாமலிருக்க வேண்டுமானால் அதற்கு மாற்று என்று ஒன்று வந்துவிடக்கூடாது. மிதமான இலக்கு ஒன்றை 2025 அக்டோபரில் அறிவித்ததற்கே பங்கு ஒரே நாளில் 15 சதவீத அளவு விழுந்தது. உச்சாணிக் கொம்பில் இருப்பவனுக்கும் தூக்கம் கிடையாது.

ஃபெராரி வித்தையைப் பார்த்து எல்லாரும் போட முடியாது என்பதற்கு பிரிட்டனின் ஆஸ்டன் மார்ட்டின் சாட்சி. 2018ல் பங்கு 19 பவுண்டுக்குச் சந்தைக்கு வந்த வருஷம் 6,441 வண்டிகளை டீலர்களுக்குக் கொடுத்தது. 2024ல் சராசரி விலையை 2,45,000 பவுண்டுக்கு உயர்த்திய பிறகு 6,030. வரிக்கு முந்தைய நஷ்டம் 28.9 கோடி பவுண்டு. விலையில் ஃபெராரி, வரிசையில் ஆள் இல்லை. கேன்டீனில் உதாரணம் கேட்டால் போர்ஷேயை விட்டுவிட்டு இதைச் சொல்லுங்கள்.

இன்னொன்று, தம்பி. லாபம் இல்லாமலே ஸ்போர்ட்ஸ் கார் விலை உயரும். ஒரு புது வண்டியை வடிவமைத்து, அச்சுகள் செய்து, மோதல் சோதனை முடித்து லைனில் ஏற்ற 50 கோடி யூரோ ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு லட்சம் வண்டி விற்றால் வண்டிக்கு 5,000 யூரோ சுமை. பத்தாயிரம்தான் விற்குமென்றால் 50,000. அதனால்தான் டொயோட்டா சுப்ரா பிஎம்டபிள்யூ இசட்4உடன் ஒரே அடித்தளத்தில் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் பிறந்தது. ஜிஆர்86ம் சுபாருவின் பிஆர்இசட்டும் ஜப்பானில் ஒரே ஆலையில் இறங்குகின்றன. இரண்டு கல்யாணத்துக்கு ஒரே பந்தல். பங்காளி கிடைக்காதவர்கள் விலையை ஏற்றுகிறார்கள், அல்லது கடையை மூடுகிறார்கள்.

மலிவாகக் கொடுத்தால் விற்றுத் தள்ளுமா என்றால் அதுவும் இல்லை. அமெரிக்காவில் மஸ்டா எம்எக்ஸ்-5 என்ற சின்ன ஸ்போர்ட்ஸ் கார் 2024ல் சுமார் 29 ஆயிரம் டாலர். அந்த வருஷம் அங்கே விற்றது 8,103. அதே வருஷம் 70 ஆயிரம் டாலர் அளவில் தொடங்கிய செவ்ரோலே கார்வெட் 33,330 விற்றது. இரண்டு மடங்குக்கு மேல் விலை, நாலு மடங்கு விற்பனை. இருவர் மட்டும் உட்காரும் வண்டியை வாங்க வேறு ஒரு வண்டி ஏற்கெனவே வீட்டில் நிற்க வேண்டும். அந்த வசதி இருப்பவர் ஐம்பதைத் தாண்டியவர், பிள்ளைகளைப் படிக்க வைத்து முடித்தவர். அவருக்கு 29க்கும் 70க்கும் உள்ள தூரம் இளைஞனுக்குத் தெரிவதைப் போலத் தெரியாது. இளைஞனுக்கோ 29ம் எட்டவில்லை.

டீலர்கள் செய்யும் வேலை தனிக்கதை. நிஸான் புது இசட் காரை அமெரிக்காவில் 39,990 டாலர் என்று அறிவித்தது. ஷோரூமுக்குப் போனால் ஸ்டிக்கர் விலைக்கு மேல் ஆயிரக்கணக்கில் கேட்டார்கள். வண்டி வரத்தும் தாமதம். 2023ல் விற்றது 1,771தான். வரத்து சீராகி, மேல்தொகைப் பேச்சும் அடங்கிய 2024ல் 3,164. இதில் கம்பெனிக்கு ஒரு பைசா கூடுதல் லாபம் கிடையாது, கெட்ட பெயர் மட்டும் முழுதாக அவர்களுக்கு. ஊரில் உங்கள் அப்பா ஒரு போர்ஷேக்கு விலை விசாரித்தால் அங்கே இன்னொரு ஆள் உள்ளே வருவார், அரசாங்கம். முழுதாகக் கட்டி இறக்கும் விலை உயர்ந்த கார்களுக்கு 100 சதவீதமும் அதற்கு மேலும் சுங்கம் போடுவதுதான் இந்தியாவின் நெடுநாள் வழக்கம். அதற்கு மேல் ஜிஎஸ்டி. கோவையில் அந்த விலைப்பட்டியலைப் பார்த்து போர்ஷேயைத் திட்டினால், பாதித் திட்டு விலாசம் தவறிப் போகிறது.

விலை விற்பனையைக் கொன்ற ஒரு காலமும் உண்டு. உங்கள் ரயில் ஜன்னலுக்கு வெளியே தெரியும் அதே ஆலையில்தான் அது நடந்தது. 1985 தொடக்கத்தில் ஒரு டாலருக்கு அன்றைய ஜெர்மன் நாணயமான மார்க் மூன்றுக்கு மேல் கிடைத்தது. போர்ஷேயின் பாதிக்கு மேற்பட்ட வண்டிகள் அமெரிக்காவுக்குப் போயின. 1986ல் மட்டும் சுமார் 30 ஆயிரம். மார்க்கில் செலவு, டாலரில் வரவு, கொழுத்த லாபம். அந்த லாபம் வண்டியால் வந்ததா, நாணயத்தால் வந்ததா என்று யாரும் கவலைப்படவில்லை. 1987 முடிவதற்குள் டாலர் 1.6 மார்க் அளவுக்கு விழுந்தது. அக்டோபரில் நியூயார்க் பங்குச் சந்தையும் சரிந்தது. அமெரிக்க விலையை ஏற்றினார்கள், மறுபடி ஏற்றினார்கள். 18,450 டாலருக்கு அறிமுகமான போர்ஷே 944, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் 30 ஆயிரத்தைத் தாண்டியது. 1991ல் அமெரிக்க அரசு 30 ஆயிரம் டாலருக்கு மேற்பட்ட கார்களுக்கு ஆடம்பர வரி வேறு போட்டது. 1993ல் அமெரிக்காவில் விற்றது நாலாயிரத்துக்கும் குறைவு. ஏழு வருஷத்தில் எட்டில் ஒரு பங்கு. அந்த நிதியாண்டில் நஷ்டம் 24 கோடி மார்க் அளவு. யார் வாங்கப்போகிறார்கள் என்ற வதந்திதான் அன்றைய கேன்டீன் பேச்சாக இருந்திருக்கும்.

அப்போது தலைமைக்கு வந்த வெண்டலின் வீடெகிங் ஒரு தயாரிப்பு இன்ஜினியர். டொயோட்டா முறையில் தேர்ந்த ஜப்பானிய ஆலோசகர்களைச் சுஃபன்ஹவுசனுக்குள் கூட்டிவந்தார். கைவேலையில் கர்வம் கொண்ட உள்ளூர் ஸ்வாபியக் கைவினைஞர்களிடம் ஜப்பானியர் வந்து, "இந்த அலமாரியில் இத்தனை பாகம் எதற்கு, ஏன் இத்தனை தடவை குனிந்து நிமிர்கிறாய்" என்று கேட்டால் எப்படி இருந்திருக்கும்! ஆனால் செலவு இறங்கியது. அடுத்து, புதிதாக இரண்டு கார்களை ஒன்றாக வடிவமைத்தார்கள். முன்பாதி இரண்டுக்கும் ஏறத்தாழ ஒன்றே, கதவும் ஒன்றே, இன்ஜின் குடும்பமும் ஒன்றே. ஒன்று புது 911. மற்றொன்று 1996ல் வந்த பாக்ஸ்டர். அமெரிக்காவில் 39,980 டாலர். நான் மேலே சொன்ன இரண்டாவது வழி இதுதான். முதலில் சந்தை தாங்கும் விலை, பிறகு அதற்குள் வண்டி. அதுவரை போர்ஷே ஷோரூம் கதவைத் தள்ளியே பார்க்காதவர்கள் பாக்ஸ்டருக்காக உள்ளே வந்தார்கள். அவர்களில் பலர் பிறகு 911 வாங்கினார்கள், குடும்பம் பெருகியதும் 2002ல் வந்த கயேன் என்ற எஸ்யூவி வாங்கினார்கள். 2024ல் 911 வாங்கிய 50,941 பேருக்கான ஏணியின் கீழ்ப்படியை அன்றே போட்டுவிட்டார்கள்.

உங்கள் கேள்விக்கு என் பதிலும் இங்கேதான் இருக்கிறது. 911 விலையேற்றம் 911 விற்பனையை இன்றுவரை தொடவில்லை. ஆனால் கீழ்ப்படியை எடுத்துவிட்ட கம்பெனிக்கு அதன் அடி இந்த வருஷக் கணக்கில் தெரியாது. 34 வயதில் கேமன் வாங்கமுடியாமல் போன நீங்கள், 50 வயதில் 911 வாங்கக் காசு இருந்தும் வேறு எதையோ வாங்குவீர்கள். அந்தக் கணக்கு 2042ல் வரும். அதற்குள் இன்றைய தலைவர்கள் எல்லாரும் ஓய்வுபெற்றுத் தோட்டத்தில் ரோஜா வளர்த்துக்கொண்டிருப்பார்கள். லாபச் சதவீதத்தை முதலில் எழுதும் கம்பெனிகளில் முதலில் வெட்டுப்படுவது எப்போதும் லாபம் குறைந்த சின்ன வண்டிதான். ஏட்டில் பார்த்தால் சரியான முடிவு. நானே அப்படி இரண்டு முறை கையெழுத்துப் போட்டிருக்கிறேன், பிறகு வருந்தியிருக்கிறேன்.

கோவைக்காரருக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் அப்பாவோடு உட்கார்ந்த அந்தத் தடத்துக்கு யார் பெயர் வைத்திருக்கிறார்கள்? எஸ். கரிவர்தன். எண்பதுகளின் கடைசியில் மாருதி இன்ஜினை வைத்து, கையைக் கடிக்காத விலையில் ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கைப் பந்தய வண்டியைச் செய்து கொடுத்தவர். அந்த மலிவான முதல் படியில் ஏறித் தொடங்கிய கோவைப் பையன்களில் ஒருவரான நரேன் கார்த்திகேயன் 2005ல் ஃபார்முலா ஒன் வரை போனார். கரிவர்தன் அந்த வண்டியில் எவ்வளவு லாபம் பார்த்தார் என்று யாரும் இன்று கேட்பதில்லை.

இனி உங்கள் 42 ஆயிரம் யூரோ.

விலை இறங்கும் என்று காத்திருக்காதீர்கள். புது வண்டி விலை இறங்காது. நின்றுபோன 718க்கு வாரிசு தாமதமாவதால் பழைய வண்டிகளின் விலை அவ்வளவு சீக்கிரம் சரியாது. அதே சமயம், "விலை ஏறும், முதலீடு" என்று எவராவது சொன்னால் காதில் வாங்கவேண்டாம். ஆட்குறைப்புப் பேச்சு நடக்கும் கம்பெனியில் வேலை பார்ப்பவருக்கு முதலீடு என்றால் வங்கியில் இருக்கும் ஆறு மாதச் சம்பளம்தான். அதை இந்த 42 ஆயிரத்துக்கு வெளியே வைத்திருக்கிறீர்களா? இல்லையென்றால் முதலில் அதை ஒதுக்கிவிட்டு மிச்சத்தில் வண்டி தேடுங்கள். கடன் போட்டு வாங்காதீர்கள். வேலை போனாலும் தவணை போகாது.

மிச்சம் 30 ஆயிரத்துக்கு மேல் இருந்தால் 2013 முதல் 2016 வரை வந்த கேமனைப் பாருங்கள். ஆறு சிலிண்டர், டர்போ இல்லாதது. அதற்குப் பிறகு வந்த நாலு சிலிண்டர் டர்போ வேகம்தான், ஆனால் சத்தத்தைக் கேட்டு வாங்கப்போகிறவர் நீங்கள், இரண்டையும் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். இன்னும் மலிவாகத் தேடினால் 2009க்குப் பிந்தையதாக இருக்கட்டும். அதற்கு முந்தைய இன்ஜின்களில் உள்ளே ஒரு பேரிங் உடைந்து மொத்த இன்ஜினையும் பலி வாங்கும் வியாதி பெயர்போனது. விளம்பரத்தில் மினுமினுக்கும் வண்டியைவிட, ஒவ்வொரு சர்வீஸ் ரசீதும் கோப்பில் இருக்கும் மங்கலான வண்டி மேல். வாங்குவதற்கு முன் உங்கள் செலவில் தனி மெக்கானிக்கிடம் லிஃப்டில் ஏற்றிப் பாருங்கள். வாங்கும் விலையில் பத்தில் ஒரு பங்கை டயர், பிரேக், முதல் வருஷ ரிப்பேருக்கென்று தனியாக வையுங்கள். வண்டி பழசானாலும் உதிரிபாக விலை புதுப் போர்ஷே விலைதான், உங்களுக்கே தெரியும்.

மிச்சம் 20 ஆயிரம்தான் வருகிறது என்றால் எம்எக்ஸ்-5. முகத்தைச் சுளிக்காதீர்கள். ஒரு டன் எடை, கையால் மாற்றும் கியர், பின்சக்கர ஓட்டம். பிளாக் ஃபாரஸ்ட் என்னும் கருங்காட்டு மலைப்பாதையில் ஞாயிறு காலை அதை ஓட்டிய பிறகு எனக்கு எழுதுங்கள்.

ஒரு கடைசித் துப்பு. இருவர் உட்காரும் வண்டிக்கு நவம்பரிலிருந்து ஜனவரி வரை அங்கே ஆள் குறைவு, பேரம் படியும். ஜெர்மனியில் பருவ நம்பர் பிளேட் என்று ஒன்று உண்டு. ஏப்ரல் முதல் அக்டோபர் வரை மட்டும் என்று பதிவு செய்தால் வரியும் இன்ஷூரன்ஸும் அந்த மாதங்களுக்கு மட்டும்தான். மற்ற மாதங்களில் வண்டியைத் தெருவில் நிறுத்தக்கூடாது, சொந்த இடமோ வாடகை கராஜோ வேண்டும். ஸ்டட்கார்டில் கராஜ் வாடகை என்ன என்று முதலில் விசாரியுங்கள். அந்தத் தொகையை உங்கள் மனைவியிடம் சொல்லிவிட்டு, அதன் பிறகும் அவர் முடிவை என்னிடமே விட்டால், வாங்குங்கள்.